கதை ஓடவில்லை என்றால் எங்கே கை வைப்பது?

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மானிட்டர் ரிப்பேர் கடையில் 11 வருடம் வேலை பார்த்தேன். கவுன்டருக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே கம்ப்ளெயிண்ட்: "ஓடலைங்க." அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. லைட் எரிகிறதா? படம் வந்து நடுவில் ஒரு கோடாகச் சுருங்குகிறதா? போட்டதுமே போகிறதா, சூடானபிறகு போகிறதா? நாலு கேள்வி கேட்டால், மூடியைக் கழற்றும் முன்பே எந்தப் பக்கம் கை வைக்கவேண்டும் என்று தெரிந்துவிடும். வந்தவரோ அதற்குள் "பிக்சர் டியூப் போயிடுச்சு, புதுசுதான் வாங்கணும் போல" என்று முடிவு கட்டியிருப்பார். பல நேரம் போயிருப்பது ஃப்யூஸ்.

இப்போது கதை எழுதுகிறேன். எழுத வருகிறவர்களிடம் பேசும்போது அதே கவுன்டரில் நிற்பதுபோல் இருக்கிறது. "எழுத வரலை." கூடவே டியூப் போன தீர்ப்பும் வந்துவிடும்: "எனக்குத் திறமை இல்லை போல." திறமையைச் சோதிக்கிற மீட்டர் என்னிடம் இல்லை. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரியும். கீழே இருப்பது அதுதான். உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படியுங்கள். மற்றதைத் தாண்டிப் போங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி 2 வாரம் நாலே விஷயம் குறியுங்கள்: தேதி, எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எத்தனை சொல், எந்த இடத்தில் நின்றது. எழுதாத நாளையும் விடக்கூடாது. "இன்று இல்லை, ஆபீஸில் ஆடிட்" என்று போடுங்கள். இந்த நோட்டு இல்லாமல் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் சொல்வதும் நடப்பதும் ஒன்றாக இருந்ததே இல்லை. என்னையும் சேர்த்துத்தான். தினமும் எழுதுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த மாதத்தில் என் நோட்டில் இருந்தது 9 நாள்.

பட்டறையில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்றவேண்டும். நேரத்தையும் மாற்றி, இடத்தையும் மாற்றி, கதையையும் மாற்றினால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடி முதலிலிருந்து தேடவேண்டும்.

"நேரமே இல்லை"

நேரம் இல்லையா, இருக்கிற நேரம் துண்டு துண்டாக இருக்கிறதா? நோட்டைப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் இரண்டாவதுதான். தாம்பரத்தில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷன்வரை போகிறவருக்கு ஒரு வழிக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடுகிறது. எட்டரை மணி வண்டியில் ஒரு கையில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது நாவல் எழுத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எழுத்துவேலை எல்லாம் ஒரே எடை கிடையாது. புதிதாக ஒரு காட்சியை எழுதுவது கனமான வேலை. அதற்கு அரை மணி நேரமாவது ஒட்டுக்குக் கிடைக்கவேண்டும். நேற்று எழுதியதைப் படித்துத் தேவையில்லாத வரியை அடிப்பது, பாத்திரங்களுக்குப் பேர் யோசிப்பது, இருவர் பேசும் ஆறு வரியைப் போனில் தட்டுவது எல்லாம் இலகு. இலகுவை ரயிலுக்குத் தள்ளுங்கள். வீட்டில் கிடைக்கும் அரை மணியில் அதைச் செய்து வீணாக்காதீர்கள்.

அந்த அரை மணியை எங்கிருந்து எடுப்பது என்பது அவரவர் வீட்டு நிலவரம். அதிகாலை என்று எல்லாரும் சொல்வார்கள். தண்ணீர் வரும் நேரமும் அதுவே என்றால் மோட்டார் போட எழுந்திருப்பவருக்கு அது எழுத்து நேரம் ஆகாது. என் தோழி ஒருத்தி மகளை அபாகஸ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்து 50 நிமிடம் எழுதுகிறாள். வாரம் 2 நாள். அதில் ஒரு குறுநாவல் முடிந்துவிட்டது. மற்ற அம்மாக்கள் அவள் ஏதோ சீட்டுக் கணக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

கடிகாரம் வைத்து எழுதுவது கலைக்கு இழுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 47 நாவல் எழுதிய ஆந்தனி டிராலப், நெடுங்காலம் தபால் துறை ஊழியர். காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு. தன்னை எழுப்பிக் காபி கொடுக்க வீட்டுப் பணியாளுக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். நமக்கு அவ்வளவு வேகம் வேண்டாம். ஒரு நாளைக்கு 200 சொல், வாரத்துக்கு 5 நாள், வருடத்துக்கு 50 வாரம். 50,000 சொல் ஆகிறது. தமிழில் டெமி என்ற வழக்கமான அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 சொல் பிடிக்கும். 250 பக்க நாவல். 200 சொல் என்பது வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் ஒரு சண்டைக்கு நாம் செலவழிப்பதைவிடக் குறைவு.

"உட்கார்ந்தாலும் ஒரு வரி வரவில்லை"

முதலில் விரலைப் பாருங்கள். கிண்டல் இல்லை. தமிழில் தட்டச்சு செய்யத் திணறுகிறவர்கள் அதை எழுத்துத் தடை என்று தவறாகப் புரிந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மனத்தில் "மழை" ஓடும், விரலோ ஆங்கில எழுத்தைத் தேடும், "மலை" வரும், அழிப்பார், "மளை" வரும், மறுபடி அழிப்பார். அதற்குள் வாக்கியத்தின் பின்பாதி போய்விடும். ஒரு பக்கத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். கையால் வருகிறது, கணினியில் வரவில்லை என்றால் கோளாறு கீபோர்டில்தான். தமிழ்99 விசைப்பலகை 1999இல் தமிழக அரசு ஏற்ற அமைப்பு. ஒரே எழுத்துக்கு ஒரே விசை, உயிர் இடப் பக்கம், மெய் வலப் பக்கம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், மூன்றாவது வாரம் விரல் தானாகப் போகும். பொறுமை இல்லையென்றால் கையால் எழுதிவிட்டு, தட்டச்சையே முதல் திருத்தமாக வைத்துக்கொள்ளலாம். போனில் பேசிப் பதிவு செய்வது வசனத்துக்கு உதவும். விவரணையைப் பேசிப் பதிவு செய்தால் மறுநாள் படிக்கும்போது வானொலி அறிவிப்பு போல இருக்கிறது. என் அனுபவம் அவ்வளவே.

விரலில் கோளாறு இல்லையென்றால் நேற்றைய கடைசி வரியைப் பாருங்கள். காட்சி முடிந்து முற்றுப்புள்ளி வைத்து எழுந்தீர்களா? அப்படியானால் இன்று மலையடிவாரத்திலிருந்து ஏறவேண்டும். காட்சி நடுவில், அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். "அவள் கதவைத் திறந்தபோது" என்று பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுப் படுத்தாலும் சரி. மறுநாள் அந்த வாக்கியத்தை முடிக்கவாவது கை போகும்.

அதுவும் இல்லை, முதல் பத்தியையே பத்தொன்பது முறை திருத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நோட்டில் சொல் எண்ணிக்கை நகராமல் நேரம் மட்டும் ஓடியிருக்கும். திரையின் வெளிச்சத்தை முழுக்க இறக்கிவிட்டு 25 நிமிடம் தட்டுங்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற முறையை 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் தக்காளி வடிவச் சமையல் கடிகாரத்தை வைத்துத் தொடங்கினார். உங்களுக்குக் குக்கர் விசிலே போதும்.

இடம்தான் சிக்கல், வீட்டில் இருக்க முடியவில்லை, மே மாதம், மின்சாரமும் இல்லை என்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியைப் பாருங்கள். 2010இல் திறந்த நூலகம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். பத்து மணி நேரம் தலை நிமிராமல் படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் போனை எடுக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நல்ல மருந்து.

"ஆரம்பிக்கிறேன், மூன்றாவது பக்கத்தில் நின்றுவிடுகிறது"

இதுதான் அதிகம் வரும் கம்ப்ளெயிண்ட். கொஞ்சம் உட்கார்ந்தே பார்க்கவேண்டியதும் இதுதான்.

ஒரு உதாரணம். சென்னையில் கதை எழுதத் தொடங்குகிறவர்களில் பலர் எழுதிப்பார்க்கும் கதை: மேற்கு மாம்பலத்தில் ஒரு பெரியவர், பழைய வீடு, பில்டரிடம் கொடுத்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள். முதல் பக்கம் திண்ணை, கிணறு, மாமரம். இரண்டாவது பக்கம் அவர் மனைவி இருந்தபோது அந்த வீடு எப்படி இருந்தது. மூன்றாவது பக்கம் அவர் சுவரைத் தடவிப் பார்க்கிறார். அங்கே நிற்கும். நான் எழுதியதும் அங்கேதான் நின்றது. நின்றதும் "கற்பனை வறண்டுவிட்டது" என்று நினைத்தேன்.

கற்பனைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெரியவருக்கு இன்றைக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. துக்கப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லாத மனிதரை வைத்துக்கொண்டு மூன்று பக்கத்துக்கு மேல் ஓட்ட முடியாது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். திங்கட்கிழமைக்குள் மூலப் பத்திரம் வேண்டும் என்று பில்டர் சொல்லிவிட்டார். பத்திரம் இருப்பது பெரம்பூரில் தங்கையிடம். தங்கையோடு பேச்சுவார்த்தை நின்று 14 வருடம். இப்போது அவர் என்ன செய்வார்? நேரே போவாரா? மகனை அனுப்புவாரா? நகல் எடுத்துச் சமாளிக்கலாமா என்று பதிவு அலுவலகத்துக்குப் போவாரா? போனால் தங்கை என்ன கேட்பாள்? திண்ணை, கிணறு, மாமரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். தங்கை வீட்டுப் படியேறும்போது அவருக்கு அந்தக் கிணறு ஞாபகம் வந்தால் அதற்கு எடை கூடும்.

சோதனை எளிது. நின்ற இடத்தில் "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேட்காதீர்கள்; மழை பெய்யும், விபத்து நடக்கும், தொலைபேசி அடிக்கும். "இவர் இப்போது எதை அடைய எங்கே போவார்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கோளாறு மூன்றாவது பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில் இருக்கிறது. மானிட்டரில் படம் நடுங்கும். ஆனால் காரணம் பின்னால் பவர் சப்ளையில் இருக்கும். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கப் பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாவது பக்கத்திலேயே பழைய நினைவுக்குள் போயிருப்பீர்கள். வாசகர் இன்னும் வீட்டுக்குள் வந்து உட்காரவே இல்லை, அதற்குள் 1974ஆம் வருடக் கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிறோம். அந்தப் பத்திகளை வெட்டி வேறு கோப்பில் வையுங்கள். மூன்றில் இரண்டு திரும்பத் தேவைப்படவே படாது.

முடிவு முன்பே முழுசாகத் தெரிந்துபோனதால் நிற்கிற கதைகளும் உண்டு. மூளைக்கு அது முடிந்த விஷயம், அதனால் கை நகராது. அப்படியென்றால் கடைசிக் காட்சியை முதலில் எழுதிப் பாருங்கள். எழுதியபிறகு அதற்கு முன்னால் என்ன வேண்டும் என்பது தெரியும். சிலசமயம் அதற்கு முன்னால் எதுவுமே வேண்டாம் என்பதும் தெரியும்.

"பேச்சு எல்லாம் மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது"

உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் கோடு போடுங்கள். அங்கே பாத்திரம் பேசவில்லை, நீங்கள் பேசுகிறீர்கள்.

விவரணை எழுத்துத் தமிழில், வசனம் பேச்சுத் தமிழில் என்பது நமக்குப் பழகிய வழி. தப்பு நடப்பது பேச்சுத் தமிழ் எது என்பதில். வடசென்னை என்றாலே "இன்னா நைனா" என்று தொடங்குகிறவர்கள் வியாசர்பாடியில் இறங்கியே இருக்கமாட்டார்கள்; சினிமா நகைச்சுவைக் காட்சியில் கேட்டிருப்பார்கள். ஷேர் ஆட்டோவில் முன் சீட்டில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு போங்கள். அங்கே பேசுகிற பையன் டிரைவரை "ண்ணா" என்பான், அம்மாவிடம் போனில் "வர்ரேம்மா, சாப்டு" என்பான், ஆபீஸ் போன் வந்தால் "எஸ் சார், ஆன் த வே" என்பான். ஒரே ஆள், ஒரே பத்து நிமிடம். வட்டார வழக்கைக் காட்ட ஒவ்வொரு சொல்லையும் உடைக்க வேண்டாம்; ஒரு "கீது", ஒரு "அப்பால" போதும், வாசகர் மீதியைத் தானே கேட்டுக்கொள்வார்.

யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதில் பாதி உறவு இருக்கிறது. மருமகள் மாமியாரை "அத்தை" என்கிறாளா, "அம்மா" என்கிறாளா, எதுவுமே சொல்லாமல் "சாப்பிட்டாச்சா?" என்று மொட்டையாகக் கேட்கிறாளா? மூன்றும் மூன்று கதை. எங்கள் மொட்டைமாடிக் கூட்டத்தில் ஒரு பெண் தன் கதையைப் படித்தாள். கணவனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பாத்திரம் ஒரு பக்கத்தில் மட்டும் "என்னங்க" என்றது. "இது தப்பாம்மா?" என்று கேட்டேன். "இல்ல சார், அங்க அவன் அம்மா பக்கத்துல இருக்காங்க" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"படித்தவர் ஒரு தகவல் பிழையைச் சொல்லி மானத்தை வாங்கிவிட்டார்"

பழைய மெட்ராஸை எழுதினால் இது கட்டாயம் வரும். சென்னையில் டிராம் 1953இல் நின்றுவிட்டது. 1960இல் உங்கள் கதாநாயகி அதில் ஏற முடியாது. புதுப்பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. ஆனால் அதற்கப்புறமும் பல வருடம் 25 பைசாவை மக்கள் "நாலணா" என்றார்கள். வசனத்தில் நாலணா சரி, ரசீதில் தப்பு. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பேர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி, நகரத்துக்குச் சென்னை என்பது ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமானது 1996. மூர் மார்க்கெட் கட்டடம் 1985இல் எரிந்தது. 1990இல் நடக்கும் கதையில் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் ஒருவர் பழைய புத்தகம் தேடினால், அங்கே கடை வைத்திருந்தவரின் பேரன் உங்களுக்கு எழுதுவார். எனக்கு எழுதினார்.

இதையெல்லாம் சரிபார்க்க இடம் இருக்கிறது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896இல் திறந்தது. நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் பிரதிகள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பத்திரிகைகள், நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. பழைய பத்திரிகையில் செய்தியைவிட விளம்பரத்தைப் பாருங்கள். சோப்பு என்ன விலை, வேலைக்கு என்ன சம்பளம், எந்த வியாதிக்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஆனால் இதுவே அடுத்த கோளாறாகிவிடும். ஆராய்ச்சி என்ற பேரில் 6 மாதம் எழுதாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். கதை முடிந்தபின் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டு ஒரே நாளில் நூலகத்துக்குப் போங்கள்.

"கோப்பைக் காணோம்"

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். கம்ப்யூட்டர் மேசை உயரத்துக்குத் தண்ணீர். ரிப்பேர்காரன் வீட்டிலேயே ஹார்டு டிஸ்க்கைக் காப்பாற்ற முடியவில்லை. நோட்டுகளில் ஜெல் பேனாவால் எழுதியது நீலக் கறையாகிவிட்டது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதைக் காயவைத்துப் படிக்க முடிந்தது. அன்றிலிருந்து பால்பாயிண்ட். எழுதி முடித்ததும் கோப்பை எனக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன், தலைப்பில் தேதியோடு. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

"முடித்துவிட்டேன், நன்றாக இருக்கிறதா என்றே தெரியவில்லை"

மூன்று வாரம் தொடாதீர்கள். பிறகு அச்செடுத்துப் படியுங்கள். திரையில் கண் வழுக்கிப்போன பிழை தாளில் நிற்கும். ஒற்றுப்பிழைக்கு நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய நாவி என்ற திருத்தி, சொற்பிழைக்கு அவருடையதே ஆன வாணி, இரண்டும் இணையத்தில் இலவசம். அவை சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்கவேண்டாம், வசனத்தில் குறிப்பாக.

மனிதர்களிடம் கொடுக்கும்போது "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். அதை வைத்து ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது. "எந்தப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு எல்லாருக்கும் பதில் உண்டு. மூன்று பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால் அங்கே லூஸ் கான்டாக்ட். ஆனால் எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இடத்தைச் சரியாகச் சொல்வார்கள். மருந்தைத் தப்பாகச் சொல்வார்கள்.

"அனுப்புகிறேன், பதிலே வரவில்லை"

ஒரு இதழுக்குக் கதை அனுப்பி 5 மாதம் காத்திருந்தேன். பிறகு ஒரு நண்பர் மூலம் தெரிந்தது: நான் அனுப்பியது பழைய பாமினி எழுத்துருவில். அவர்கள் கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்திருக்கிறது. யாரும் நிராகரிக்கவில்லை, யாரும் படிக்கவே இல்லை. ஆகவே முதலில் யூனிகோடா, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே திறக்கிற பொது எழுத்து முறையா என்று பாருங்கள். கோப்பை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். கையெழுத்துப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கோப்புக்குக் "கதை புதியது கடைசி 2" என்று பேர் வைக்காதீர்கள். கதையின் பேரும் உங்கள் பேரும் இருக்கட்டும்.

அது சரியென்றால், அனுப்பிய இதழின் கடைசி மூன்று இதழ்களைப் படித்தீர்களா? குடும்பப் பத்திரிகைக்கு 6,000 சொல் கதையும், சிற்றிதழுக்குக் கடைசி வரியில் திருப்பம் வைக்கிற தீபாவளிக் கதையும் போனால் பதில் வராது. ஒரே கதையை ஒரே சமயம் இரண்டு இடத்துக்கு அனுப்பவும் கூடாது. இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். தமிழில் நிராகரிப்பு பெரும்பாலும் கடிதமாக வராது, மௌனமாகத்தான் வரும். 3 மாதம் பொறுங்கள், ஒரு முறை மரியாதையாக விசாரியுங்கள், பதில் இல்லையென்றால் அடுத்த இடம். எங்கே எப்போது அனுப்பினீர்கள் என்பதை அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். என் பின்பக்கத்தில் ஒரு கதைக்கு எதிரே 7 இதழ்களின் பேர் இருக்கிறது. ஏழாவதில் வந்தது, இடையில் இரண்டு முறை திருத்தினேன்.

"ஃபேஸ்புக்கில் எழுதியே தீர்ந்துவிடுகிறது"

கதைக்கான சம்பவத்தைக் காலையில் பதிவாகப் போட்டு மாலைக்குள் 140 லைக் வாங்கிவிட்டால், மனசுக்கு அது எழுதி முடித்த கணக்கு. சம்பவத்தை நோட்டில் எழுதுங்கள். பதிவில் அரசியல் பேசுங்கள், அது எப்படியும் தீராது.

"புத்தகம் வந்துவிட்டது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை"

என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 160 பக்கம் என்றால் 16 பக்க ஃபாரமாகப் பத்து ஃபாரம். விலை 200 ரூபாய் என்று வையுங்கள். எழுத்தாளருக்கு வழக்கமான ராயல்டி பத்து சதவீதம். ஒரு பிரதிக்கு 20 ரூபாய். முன்பெல்லாம் ஒரு பதிப்பு 1,000, 1,200 என்று அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சு வந்தபின் நூறு, இருநூறு பிரதி அடிப்பதே சகஜம். 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். இரண்டு வருட உழைப்புக்கு. இதை முன்பே தெரிந்துகொண்டு எழுத வந்தவருக்குக் கோபம் வராது. சினிமா வாய்ப்பும் விருதும் வரிசையில் நிற்கும் என்று வந்தவர் இரண்டாவது புத்தகத்தோடு நின்றுவிடுவார். வேலையை விடலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் இந்த 6,000 ரூபாயைத்தான் காட்டுகிறேன்.

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் ஜனவரியில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு நூலைக் கொண்டுவர எல்லாரும் டிசம்பரில் ஓடுவார்கள். 1977இலிருந்து நடக்கும் திருவிழா, கூட்டம் உண்மைதான். ஆனால் அந்த அவசரத்தில் மெய்ப்பு பார்க்காமல் போன புத்தகங்களையும் பார்க்கிறோம். உங்கள் முதல் நூல் அந்த ஒரே வாரத்தில் வரும் நூற்றுக்கணக்கான நூல்களுக்கு நடுவில் வரவேண்டுமா என்று யோசியுங்கள். நான் என் இரண்டாவது தொகுப்பை ஜூலையில் கொண்டுவந்தேன். விற்பனையில் பெரிய வித்தியாசம் இல்லை. படித்துவிட்டுப் பேசியவர்கள் அதிகம்.

ஒப்பந்தம் கையில் இருக்கிறதா? "நம்ம பதிப்பகம்தானே" என்று வாய்ப்பேச்சில் விட்டவர்கள் பிறகு வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிக்காவிட்டால் 5 வருடம் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்கிறது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமை; "அனைத்து உரிமைகளும்" என்ற இரண்டு சொல்லைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். அச்சுச் செலவை உங்களிடம் வாங்குகிறவர் பதிப்பாளர் இல்லை, அச்சக ஏஜென்ட். அதில் தப்பில்லை. ஆனால் அப்போது உரிமையும் மீதிப் பிரதியும் உங்களிடம் இருக்கவேண்டும்.

35 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சாகித்திய அகாதெமி 2011இலிருந்து கொடுக்கும் யுவ புரஸ்கார் என்ற இளம் எழுத்தாளர் விருது ஒன்று இருப்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதை நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள்.

"ரொம்ப வருடமாக எழுதவே இல்லை"

இது எல்லாருக்கும் கோளாறு கிடையாது. சிறுகதையாளர் மௌனி மொத்தமாக எழுதியது 24 கதைதான். சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966இல் வந்தது, இரண்டாவது 1981இல். ஆகவே வருடத்தை எண்ணிப் பயனில்லை. ஒன்றை மட்டும் பார்ப்பேன்: படிக்கிறீர்களா? படித்துக்கொண்டிருந்தால் கரண்ட் வந்துகொண்டிருக்கிறது, செட் ஸ்டாண்ட்பையில் இருக்கிறது. படிப்பதும் நின்றிருந்தால், எழுத முயலாதீர்கள். ஒரு மாதம் படியுங்கள், அப்புறம் நோட்டை எடுங்கள்.

"எல்லாம் சரி, கதையில் மட்டும் உயிர் இல்லை"

கடையில் இப்படிச் சில செட்டுகள் வரும். மின்சாரம் வருகிறது, ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகச் சோதித்தால் சரி, ஆனால் படம் வராது. முதலாளி மூன்று நாள் பார்ப்பார். பிறகு ஒரு சீட்டில் தேதி எழுதி ஒட்டி மேல் அலமாரியில் ஏற்றிவிடுவார். குப்பையில் போடமாட்டார். ஆறு மாதம் கழித்து வேறொரு செட்டுக்கு டிரான்ஸ்பார்மர் தேவைப்படும்போது ஏணியைப் போட்டு அதை இறக்குவார்.

என் மாம்பலத்துப் பெரியவர் கதை பத்திரத்தோடு முடிந்தும் உயிர் வரவில்லை. தேதி போட்டுத் தனியாக வைத்துவிட்டேன். ஆனால் பெரம்பூர் தங்கை கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாமரத்தையும் வெட்டப் போறியா, அண்ணே?" இப்போது வேறொரு கதையின் முதல் வரியாக இருக்கிறது. அதில் பெரியவரே கிடையாது. நேற்றோடு 11 பக்கம் ஆகியிருக்கிறது.